ஸ்பிரிண்டா, கான்பானா, ஆறு வாரச் சுற்றா? – வாசகர் கேள்வி பதில்

டிசைனர்களும் டெவலப்பர்களும் சேர்ந்து ஒரு பொருளை உருவாக்கும் முறைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யு.ஐ. (திரை வடிவமைப்பு) டிசைனராக இருக்கிறேன். இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாகப் பிளான் போட்டு வேலையை முடிப்பது. திங்கட்கிழமை பிளானிங்கில் டிக்கெட் (ஒரு வேலைக்கான குறிப்பு) கையில் வரும், புதன்கிழமைக்குள் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஸ்கிரீன் ரெடியாக இருக்க வேண்டும், வியாழனிலிருந்து டெவலப்பர்கள் கோட் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவர்களில் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. கேட்டால் இதுதான் அஜைல் என்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படி இல்லை. அஜைல் என்பது சின்னச் சின்னச் சுற்றுகளில் ஓடுகிற மென்பொருளைக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் வேலைமுறை. அதற்காக உங்கள் மேனேஜர் மீது மட்டும் பழி போடவும் முடியாது, இந்தச் சிக்கல் அஜைல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரும் மென்பொருள்காரர்கள். ஆவணம் ஆவணமாக எழுதிக் குவித்துவிட்டு, ஓடுகிற மென்பொருளை மட்டும் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்த வேலைமுறையை மாற்ற வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் டிசைனர் என்று ஒரு ஆள் அந்த அறிக்கையில் எங்கும் வருவதில்லை. எதைச் செய்வது என்று யார், எப்போது கண்டுபிடிப்பார்கள் என்ற கேள்விக்கு அதில் பெரிதாகப் பதிலும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் திங்கள் முதல் புதன்வரை மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை நேராக எதிர்கொண்ட ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவின் டொராண்டோவில் ஏலியஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது, மாயா, ஸ்கெட்ச்புக் போன்ற மென்பொருள்களைச் செய்தவர்கள், பின்னால் ஆட்டோடெஸ்க் அதை வாங்கிக்கொண்டது. அங்கே வேலை செய்த லின் மில்லர், டெசிரே சை இருவரும் தங்கள் அனுபவத்தைக் கட்டுரைகளாக எழுதினார்கள், மில்லர் 2005-ல், சை 2007-ல். அவர்கள் செய்தது இதுதான். டெவலப்பர்கள் மூன்றாவது சுற்றுக்கான கோட் எழுதிக்கொண்டிருக்கும்போது டிசைனர்கள் நான்காவது சுற்றுக்கான வடிவத்தை வரைந்து சோதித்துக்கொண்டிருப்பார்கள், ஐந்தாவது சுற்றுக்கு வேண்டிய தகவலைப் பயனர்களிடம் போய்ச் சேகரிப்பார்கள், இரண்டாவது சுற்றில் கட்டி முடித்ததையும் எடுத்துப்போய் நிஜ ஆட்கள் கையில் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் டிசைனர்களுக்கு நேரம் வேண்டுமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். முதல் சுற்றில் டெவலப்பர்கள், திரையில் அதிகம் தெரியாத, ஆனால் உள்ளே உழைப்பு அதிகம் கேட்கிற வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு ட்யூயல் ட்ராக் (இரட்டைத் தடம்) என்று பேர் பெற்றது இந்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான். உங்கள் டீமில் நாளைக்கே கேட்கக்கூடிய மாற்றமும் இதுதான்: டிசைன் டிக்கெட்டும் அதன் கோடிங் டிக்கெட்டும் ஒரே ஸ்பிரிண்டில் இருக்கக் கூடாது, குறைந்தது ஒரு ஸ்பிரிண்ட் இடைவெளி வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் போகிறோம் என்று டிசைனர் தனியாக ஓட ஆரம்பித்தால், அப்புறம் அது ஃபிக்மா ஃபைலைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போடுகிற கதையாகிவிடும், குட்டி வாட்டர்ஃபால், ஒரு கட்டம் முழுக்க முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்கிற பழைய முறை. ஏலியஸ் குழுவில் தினமும் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், பயனரைப் பார்க்கப் போகும்போது டெவலப்பரையும் கூடவே கூட்டிப்போகச் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரு குழு சின்ன ஊர் கிளினிக் ஒன்றுக்கு டோக்கன் ஆப் செய்தது. ஒரு மொபைல் எண்ணுக்கு ஒரு நோயாளி, டேட்டாபேஸை அப்படித்தான் யோசித்து வைத்திருந்தார்கள். காகிதத்தில் வரைந்த ஸ்கிரீன்களோடு ரிசப்ஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் வந்த அம்மா சொன்ன எண் அவருடைய மகனுடையது, அதே எண்ணைக் கொடுத்து அவர் வீட்டுக்காரரும் மருமகளும் பேரப்பிள்ளையும் முன்பே வந்து போயிருக்கிறார்கள், நோட்டில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெவலப்பர், "அப்போ நம்பர் வேற, ஆள் வேற" என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு காகிதத்தைத் திருப்பி டேபிளை இரண்டாகப் பிரித்து வரைந்தார். டிசைனர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் எழுதியிருந்தால் இது பதினாலாம் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும், ஆப் வெளிவந்த பிறகு ரிசப்ஷனிஸ்ட் போன் போட்டுத் திட்டும்போதுதான் அந்த வரியைத் தேடியிருப்பார்கள்.

கேள்வி: இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. வாட்டர்ஃபால் முறையை உருவாக்கியவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்று படித்தேன். அவரே அதைக் குறை சொன்னார் என்றும் ஒரு வீடியோவில் கேட்டேன். எது சரி?

பதில்: இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராய்ஸ் விண்வெளித் திட்டங்களுக்கான மென்பொருளில் வேலை பார்த்தவர். 1970-ல் அவர் எழுதிய கட்டுரையில், தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங் என்று படிப்படியாக இறங்கும் அந்தப் படம் இருக்கிறது, வாட்டர்ஃபால் என்ற பெயர் இல்லை. படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைத்துக்கொள்வதுதான் என்கிறார். காரணமும் சொல்கிறார். வேகம், நினைவகம் மாதிரி விஷயங்கள் நிஜத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது கடைசியில், டெஸ்டிங்கின்போதுதான் முதன்முதலாகத் தெரியவரும், அப்போது தவறு தெரிந்தால் வடிவமைப்புக்கோ தேவைகளுக்கோ திரும்பிப் போக வேண்டியிருக்கும். அதனால் புதிய வகை மென்பொருளாக இருந்தால் முதலில் சின்னதாக ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு இரண்டாவதாகச் செய்வதைக் கிளையன்ட்டுக்குக் கொடுங்கள் என்றார். அவரை முழுக்க அஜைல்காரராக்கிவிடவும் வேண்டாம். நிறைய ஆவணம் எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் அவர். பரீட்சையில் கேட்டால், படம் அவருடையது, பரிந்துரை அதுவல்ல என்று எழுதுங்கள்.

கேள்வி: மதுரையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்து விற்கிறோம். மொத்தம் ஆறு பேர், அதில் ஒருவர் டிசைனர். ஸ்க்ரம் (ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் அஜைல் முறை) ஆரம்பித்தோம், ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் பாதியில் ஏதாவது கஸ்டமர் பிரச்சினை வந்து பிளான் கலைந்துவிடுகிறது. கான்பானுக்கு மாறலாமா, இல்லை பேஸ்கேம்ப் நிறுவனத்தின் ஷேப் அப் முறை சரிவருமா?

பதில்: உங்களிடம் இரண்டு விதமான வேலை இருக்கிறது, இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதால்தான் கலைகிறது. ஒன்று, தினமும் வருகிற கஸ்டமர் புகார், பக், ஜி.எஸ்.டி. மாற்றம். இன்னொன்று, நீங்களாக யோசித்துச் செய்கிற புது வசதி. முதலாவது எப்போது வரும், எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இரண்டு வாரத்துக்குப் பிளான் போடுவதில் அர்த்தமில்லை. அதற்குக் கான்பான்தான் பொருத்தம், ஸ்பிரிண்ட் வைக்காமல், கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்து ஒவ்வொன்றாக முடிக்கிற முறை.

கான்பானை மென்பொருளுக்குக் கொண்டுவந்ததில் முன்னோடியான டேவிட் ஆண்டர்சன் சொல்லும் முதல் கதை நம் பக்கத்து ஊர்க்கதைதான். 2004-ல் மைக்ரோசாஃப்ட்டின் உள் ஐ.டி. பிரிவுக்கு ஹைதராபாத்திலிருந்து ஒரு சின்ன டீம் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள். ஒரு கோரிக்கை கொடுத்தால் முடிந்து வர ஏறக்குறைய ஐந்து மாதம், அமெரிக்காவில் எல்லோரும் இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், புதிதாக வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நாள் ஆகும் என்று மதிப்பீடு சொல்லியே ஆக வேண்டும் என்று விதி. அந்த மதிப்பீட்டு வேலையே டீமின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது, மதிப்பிட்டவற்றில் பல கடைசிவரை செய்யப்படவும் இல்லை. டீம் மேனேஜரும் ஆண்டர்சனும் சேர்ந்து மதிப்பீட்டை நிறுத்தினார்கள், ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள், ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும். மாதக்கணக்கு சில வாரங்களாகச் சுருங்கியது. யாரையும் ஓவர்டைம் பார்க்க வைக்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்வு இது, ஏனென்றால் குற்றவாளியாகப் பார்க்கப்பட்ட டீமில் குற்றமே இல்லை.

இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி: கையில் இருக்கும் வேலையின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். உங்கள் போர்டில் 30 டிக்கெட் பாதியில் நிற்கிறது, வாரம் 5 முடிகிறது என்றால், ஒரு டிக்கெட் வெளியே வரச் சராசரியாக 6 வாரம். அதே ஆட்கள், அதே வேகம், பாதியில் நிற்பதை 10-ஆகக் குறைத்தால் 2 வாரம். எனவே வெறுமனே "செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது" என்று மூன்று பத்தி போட்டு ஒட்டுத்தாள் ஒட்டினால் அது கான்பான் ஆகிவிடாது. "செய்வது" பத்திக்கு மேல் ஒரு எண் எழுதுங்கள், இருவர் சப்போர்ட் பார்த்தால் 3 என்று வையுங்கள். மூன்று நிரம்பியிருக்கும்போது நீங்களே நாலாவதைக் கொண்டுவந்தாலும் அவர்கள் மறுக்க உரிமை வேண்டும். முதலாளி இதை ஒத்துக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி.

மிச்சம் நாலு பேருக்கு ஷேப் அப் யோசிக்கலாம். பேஸ்கேம்ப்பில் ரயன் சிங்கர் 2019-ல் இதைப் புத்தகமாக எழுதினார். ஆறு வாரம் ஒரு சுற்று, அதற்குப் பின் இரண்டு வாரம் ஆசுவாசம். ஒரு டிசைனர், ஒன்றிரண்டு டெவலப்பர்கள் சேர்ந்த சின்ன அணி, அணிக்கு ஒரு பிரச்சினை. இதில் எனக்குப் பிடித்தது, இந்த வசதிக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காமல், இதற்கு எவ்வளவு நாள் செலவழிக்க நாம் தயார் என்று முதலில் கேட்பது. பதில் ஆறு வாரம் என்றால், ஆறு வாரத்துக்குள் அடங்குகிற மாதிரி வசதியை வெட்டித் தைக்க வேண்டும், அந்த வெட்டுகிற வேலையை டிசைனரும் டெவலப்பரும் கூடவே உட்கார்ந்து செய்கிறார்கள். ஆறு வாரத்தில் முடியவில்லையென்றால் தானாக நீட்டிப்பு கிடையாது, நிறுத்திவிட்டு மறுபடி யோசிப்பார்கள். உங்களுக்கு ஆறு வாரம் நீளம் என்றால் மூன்றோ நாலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, அந்த அணியிலிருந்து யாரையும் "அஞ்சு நிமிஷம் இந்த பக்கைப் பார்த்துட்டுப் போ" என்று சப்போர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. அதைக் காப்பாற்ற முடியாதென்றால் எல்லோரும் கான்பானிலேயே இருங்கள், நிம்மதியாக இருப்பீர்கள்.

கேள்வி: சேலத்திலிருந்து ஒரு டெவலப்பர். எங்கள் டீம் ஸ்பிரிண்டுக்கு 40 ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்கு டீமே போடும் மதிப்பெண்) முடிக்கிறது, பக்கத்து டீம் 65. அப்ரைசலில் இதைக் காட்டுகிறார்கள். ஸ்க்ரம்மில் இப்படி ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. ஸ்க்ரம் வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் என்ற வார்த்தையே இல்லை, எடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு அஜைல் முறையிலிருந்து வந்தது. ஸ்டோரி பாயிண்டை ஒருவேளை தானே கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரிஸ், இன்றைக்கு அது பயன்படுத்தப்படும் விதத்தைப் பார்த்து வருத்தப்பட்டே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு டீமும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் அளவு அது. அடுத்த ஸ்பிரிண்டில் உங்கள் டீமும் எல்லா டிக்கெட்டுக்கும் இரண்டு பாயிண்ட் கூடப் போட்டால் 65 என்ன, 80-கூட வரும், கஸ்டமருக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது.

கேள்வி: பெங்களூரில் புராஜெக்ட் மேனேஜர். எங்கள் கிளையன்ட் அரசுத்துறை. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு பணம், எந்தத் தேதி, மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. இங்கே வாட்டர்ஃபாலைத் தவிர வழி உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கதையைப் பாருங்கள், நீங்கள் சொல்வதைவிடக் கடினமான இடம் அது. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க அவர்கள் எடுத்த முதல் முயற்சி 17 கோடி டாலர் செலவோடு 2005-ல் கைவிடப்பட்டது. அடுத்து சென்டினல் என்று ஒரு திட்டம், 45 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கீடு, 2006-ல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஒப்பந்தம். 2010-ல் பார்த்தால் பணத்தின் பெரும்பகுதி தீர்ந்திருந்தது, வேலை பாதிதான். அப்போது எஃப்.பி.ஐ. திட்டத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது, ஆட்களைக் குறைத்தது, இரண்டு வார ஸ்பிரிண்டுகளாகச் செய்ய ஆரம்பித்தது. எழுதிவைத்த தேவைகள் அப்படியேதான் இருந்தன. அவற்றைச் சின்னச் சின்னக் கதைகளாக உடைத்து, ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஓடுகிற ஒன்றைக் காட்டினார்கள். அதிலும் தாமதம் ஆனது, சொன்ன தேதியெல்லாம் தவறியது, ஆனாலும் 2012 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

நீங்கள் ஒப்பந்தத்தை மாற்றவே வேண்டாம். அதில் இருக்கும் பட்டியலில் எது உங்களுக்கும் கிளையன்ட்டுக்கும் குறைவாகத் தெரியுமோ அதை முதலில் எடுங்கள். லாகின் பக்கம் எல்லோருக்கும் தெரியும், அதில் பெருமையாக மூன்று வாரம் போகும். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்குகிற அந்த ஊழியர் எந்த வரிசையில் எதை டைப் செய்கிறார் என்பது யாருக்கும் தெரியாது, அங்கேதான் திட்டம் முடங்கி உட்காரும். அந்த ஸ்கிரீனை முதல் மாதமே அரைகுறையாகச் செய்து அவர் முன்னால் வையுங்கள்.

வாட்டர்ஃபாலையும் அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். திரும்பிப் போவது உண்மையிலேயே விலை அதிகமான வேலைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறைக்கு அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் மூலையை மாற்றுவது லேசான காரியமில்லை. உடலுக்குள் மருந்து செலுத்தும் பம்ப்பின் மென்பொருளுக்குத் தேவைகளை எழுதி, சரிபார்த்து, சான்று காட்ட வேண்டும். அங்கெல்லாம் படிப்படியாகப் போவதுதான் பொறுப்பு, மாதிரிகளை மட்டும் அதற்கு முன்னால் வேண்டிய அளவு செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறோம். ஐந்து நாள் டிசைன் ஸ்பிரிண்ட் ஒன்று நடத்தினால் போதும், ஐடியா தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும் என்கிறார் எங்கள் ஆலோசகர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். கூகுளில் ஜேக் நாப் 2010 வாக்கில் ஆரம்பித்த முறை இது. திங்கள் பிரச்சினையை வரைபடமாக்குவது, செவ்வாய் ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்வு வரைவது, புதன் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, வியாழன் நிஜம்போலத் தெரியும் மாதிரி, வெள்ளி ஐந்து பேரிடம் சோதனை. டெவலப்பர், டிசைனர், விற்பனை ஆள், முடிவெடுக்கும் முதலாளி என்று எல்லோரையும் ஐந்து நாள் ஒரே அறையில் உட்கார வைக்கிறது பாருங்கள், அதுவே பெரிய லாபம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாமல் தனியாக வரைய வைப்பதும் நல்ல ஏற்பாடு, சத்தமாகப் பேசுகிறவர் ஐடியாவே ஜெயிக்கிற வழக்கத்தை அது குறைக்கிறது.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் ஏன் என்றால், அது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொன்ன கணக்கு. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடிப்பார் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். பட்டன் எங்கே என்று தெரியவில்லை, இந்த வார்த்தை புரியவில்லை மாதிரியான குறைகளுக்குத்தான் இந்தக் கணக்கு. ஐந்து பேரும் "நல்லா இருக்கே" என்று சொன்னதை வைத்து, ஆயிரம் பேர் மாதம் பணம் கட்டுவார்கள் என்று முடிவுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதைத் தெரிந்துகொள்ள எரிக் ரீஸ் 2011-ல் எழுதிய லீன் ஸ்டார்ட்அப் பக்கம் போக வேண்டும்: மிகச் சின்னதாக ஒன்றைக் கட்டி, நிஜமாக விற்றுப் பார்த்து, எத்தனை பேர் வாங்குகிறார்கள், எத்தனை பேர் அடுத்த மாதமும் இருக்கிறார்கள் என்று எண்ணுவது. உங்களுக்கு எது தெரியவில்லை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். "ஆட்களுக்கு இது புரியுமா" என்றால் ஐந்து நாள் ஸ்பிரிண்ட் நடத்துங்கள். "காசு கொடுப்பார்களா" என்றால் அந்த ஐந்து நாளில் பத்துக் கடைக்காரர்களிடம் முன்பணம் கேட்டுப் பாருங்கள், பதில் சீக்கிரம் வரும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஸ்பாட்டிஃபை மாடல் கொண்டுவருகிறார்கள். டீம் இனி ஸ்குவாட், டிபார்ட்மென்ட் இனி ட்ரைப். டிசைனர்களை ஆளுக்கொரு ஸ்குவாடில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இது வேலைக்கு ஆகுமா?

பதில்: ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி நிறுவனம் வேலை செய்யும் விதத்தைப் பற்றி 2012-ல் ஹென்ரிக் க்னிபெர்க்கும் ஆண்டர்ஸ் இவர்சனும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. அந்த நேரத்தில் தாங்கள் வேலை செய்யும் விதத்தின் ஒரு படம்தான் இது, பயணம் இன்னும் முடியவில்லை என்று கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். பெயரை மாற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. டிசைனர் ஸ்குவாடுக்குள் இருப்பதும் நல்லதுதான், முதல் கேள்வியில் கோவைக்காரர் படுகிற பாட்டில் பாதி குறையும். ஆனால் அந்தக் கட்டுரையில் சாப்டர் என்று ஒன்று உண்டு, ஒரே தொழில் செய்கிறவர்கள் ஸ்குவாடுகளைத் தாண்டி அடிக்கடி கூடுவது. உங்கள் நிறுவனம் அதை விட்டுவிட்டதா என்று பாருங்கள். விட்டிருந்தால் நாலு மாதத்தில் ஒரே ஆப்பில் நாலு விதமான "சேமி" பட்டன் இருக்கும். எல்லா டிசைனர்களும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவரவர் ஸ்கிரீனைத் திறந்து காட்டுகிற மாதிரி ஒரு ஏற்பாட்டை நீங்களே தொடங்குங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது.